மதுரையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு தேனீ, வண்ணத்துப்பூச்சிகளுக்கு என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். முதலில், பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையைப் புழு தின்றால் தின்னட்டும். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக உள்ள வண்ணத்துப்பூச்சியாக அது மாறலாம். தெருவோர எருக்கை வெட்ட வருபவர்களிடம் பேசிப் பாருங்கள், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது. துளசியைப் பூக்க விடுங்கள். சுவர் இடுக்கில் கொசுத்தேனீ கூடு இருந்தால் சிமென்ட் பூசி அடைக்காதீர்கள், அது கொட்டாது.

அப்புறம், பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம், தேதி, இடம் போட்டால் போதும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குறைந்தது இரண்டு பேர் ஒரே இனம் என்று உறுதிசெய்தால் அது ஆய்வுத்தரப் பதிவாகிவிடும், அதாவது ஆய்வாளர்கள் பயன்படுத்தக்கூடிய பதிவு. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள பல்லுயிர் மரபுத் தலமான அரிட்டாபட்டிக்குப் பலரும் கேமராவோடு போகிறார்கள். எனக்கென்னவோ நகருக்குள் இருக்கும் செல்லூர், ஆரப்பாளையம் மொட்டைமாடிப் பதிவுகள்தான் இன்னும் அவசரமாகத் தேவை.