நூறு பேரும் பத்துப் பேரும்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். சர்க்கரை நோய்க்கு ஓ.பி. வருபவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பது என் ஆய்வுத் தலைப்பு. நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, பிறகு பத்துப் பேரிடம் விரிவாகப் பேசச் சொல்கிறார் கைடு. எனக்குப் புள்ளியியலும் வராது, பேட்டி எடுத்தும் பழக்கமில்லை. எதில் தொடங்குவது?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்குங்கள். பயம் பாதி போய்விடும்.

ஒரு பழக்கம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று அறிய வழக்கமாகப் போடும் கணக்கு, நான்கு பி.கியூ. வகுத்தல் டி ஸ்கொயர். பி என்பது முந்தைய ஆய்வுகளில் வந்த சதவீதம். அதை 100-இல் கழித்தால் கியூ. எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்பது டி. பி 50, டி 10 என்று போடுங்கள்: 4 × 50 × 50 = 10,000. அதை 100-ஆல் வகுத்தால் 100. உங்கள் நூறு பெரும்பாலும் இதுதான். மாத்திரையை விடுபவர்கள் 40 சதவீதம் என்று உங்களுக்கு விடை வந்தால், உண்மை ஏறத்தாழ 30-க்கும் 50-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்று அர்த்தம். பிசகு 5-ஆகக் குறைய வேண்டுமானால் 400 பேர் வேண்டும். (4-க்குப் பதில் 3.84 போட்டு 384 என்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான்.)

வைவாவில் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில்) பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. பி 20 என்று வையுங்கள். '10 சதவீதப் பிசகு' என்பதை நேரடியாக 10 என்று எடுத்தால் 64 பேர் போதும். அந்த 20-இல் பத்து சதவீதம், அதாவது 2, என்று எடுத்தால் 1,600 பேர்! எதை எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதியே ஆக வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. மாத்திரையை விடுகிறவர் ஓ.பி.க்கு வருவதையும் விட்டுவிடுவார். வரிசையில் நிற்பவர்களை மட்டும் கேட்டால் ஒழுங்கானவர்களே அகப்படுவார்கள். நூறை ஆயிரமாக்கினாலும் இந்தக் கோணல் நிமிராது. சர்க்கரை நோய்ப் பதிவேட்டிலிருந்து குலுக்கலாகப் பெயர்களை எடுத்து, வராதவர்களையும் தேடிப் போக முடியுமா என்று கைடிடம் கேளுங்கள். முடியாதென்றால் அந்தக் குறையை வெளிப்படையாக எழுதுங்கள்.

கேள்வித்தாளுக்கு வருவோம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று யூனிஃபார்மில் நின்று கேட்டால் "சாப்பிடுறேம்மா" என்ற பதில்தான் வரும். "போன ஏழு நாள்ல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண் வரும். ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கும்போது எதிர்மறைக் கேள்வியில் கவனம் தேவை. "நீங்களா மாத்திரையை நிறுத்தினதில்லையே?" என்பதற்கு நம்மவர் "ஆமாம்" என்றால் நிறுத்தவில்லை என்று பொருள். ஆங்கிலப் படிவத்தில் 'எஸ்' கட்டத்தை டிக் செய்தால் விடை தலைகீழ். மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்வது இப்படிப்பட்டவற்றைப் பிடிக்கத்தான். பிறகு வேறு பத்துப் பேரிடம் கேள்வித்தாளை ஒத்திகை பாருங்கள். அவர்களை நூறில் சேர்க்காதீர்கள்.

எக்செலில் ஒருவருக்கு ஒரு வரி. வயதை 40-50 என்று பிரிவாக எழுதாமல் எண்ணாகவே எழுதுங்கள். பிரிவைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. பதில் இல்லாத இடத்தில் 99 போடும் வழக்கம் இருந்தால், சராசரி எடுக்குமுன் அதை நீக்குங்கள். இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையில், எதிர்பார்ப்பு எண்ணிக்கை (தொடர்பே இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் வர வேண்டியது) 5-க்குக் குறைவான கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சிறிய எண்களுக்கு ஏற்ற ஃபிஷர் சோதனைக்கு மாறுங்கள். வயது, படிப்பு, வருமானம் என்று இருபது சோதனை போட்டால், எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் எண், சராசரியாக ஒரு சோதனையில் 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இனி அந்தப் பத்துப் பேர். நூறில் முதல் பத்து என்று எடுப்பது வீண் வேலை. எண்கள் எழுப்பிய கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியுமோ அவர்களைத்தான் தேட வேண்டும்: அதிக நாள் விட்டவர்கள், அவர்களிலும் ஆண், பெண், தனியாக இருப்பவர், நைட் ஷிஃப்ட் போகிறவர் என்று வேறுபட்டவர்கள். பத்து என்பதும் கணக்கு வைத்துக்கொள்ளத்தான். புதிய விஷயம் வராமல் சொன்னதே திரும்ப வரும்போது நிறுத்தலாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, 60 பேட்டிகளை அலசி, கருத்துகளில் பெரும்பாலானவை முதல் 12 பேட்டிகளுக்குள் வந்துவிட்டதாகக் காட்டியது. ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே மாதிரிக் கேட்டால்தான் இது பொருந்தும்.

பேட்டியைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்தவர் இருவரிடம் அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்து, நீங்கள் எத்தனை தடவை குறுக்கே பேசினீர்கள் என்று எண்ணுங்கள். பதிவை நீங்களே எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். அவர்கள் பேசியபடியே தமிழில் எழுதுங்கள்; ஆங்கிலமாக்குவது, மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டும் போதும்.

அடுத்தது கோடிங், அதாவது பேட்டியில் சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதுவது. ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "விரத நாள்ல மாத்திரை போட மாட்டேன், வெறும் வயித்துல போட்டா கிறுகிறுன்னு வரும்." ஓரத்தில் 'அறியாமை' என்று எழுதக் கை போகும். எழுதாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அவர் பட்டறிந்து சொல்கிறார். 'சாப்பிடாத நாளில் தாமே மாத்திரையைத் தவிர்த்தல்' என்பதே சரியான குறிப்பு. முதல் இரண்டு பேட்டிகளை நீங்களும் ஒரு தோழியும் தனித்தனியாகக் குறித்து, எங்கே வேறுபட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், பத்துப் பேட்டிக்குக் கலர் பென்சில் போதும்.

அடிப்படைப் பாடத்துக்கு, ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) கீழ் சென்னையில் இயங்கும் என்.ஐ.இ. என்ற தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' இணைய வகுப்பைப் பாருங்கள். கணக்குக்கு எபி இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம்.

எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் மனுவில் கேள்வித்தாள், பேட்டி இரண்டையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். "மறுபடி தொடர்புகொள்ளச் சம்மதமா?", "பேச்சைப் பதிவு செய்யலாமா?" என்ற இரண்டு வரிகள் ஒப்புதல் படிவத்தில் இருக்கட்டும். கேள்வித்தாளில் பெயருக்குப் பதில் எண் போட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். அந்தப் பட்டியல் இல்லையென்றால், நூறு தாளும் நிரம்பிய பிறகு எந்தப் பத்துப் பேரைத் தேடிப் போவது என்று உங்களுக்கே தெரியாது.