வீட்டுத் தரைக்கு மரம், லேமினேட், டைல்ஸ், கார்பெட்: எதைப் போடுவது?

கேள்வியின் சுருக்கம் இது: திருச்சியில் கீழும் மேலுமாக வீடு கட்டுகிறீர்கள், பூச்சு வேலை முடிந்துவிட்டது. மனைவிக்கு மரத் தரை ஆசை, அப்பா டைல்ஸ் போதும் என்கிறார், கடைக்காரர் லேமினேட்டைக் காட்டுகிறார், படுக்கையறைக்கு கார்பெட்டும் யோசனையில் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளம் முழுக்க பளபளப்பில்லாத மேட் வகை விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் டைல்ஸ். மாடியில் ஒரே ஒரு படுக்கையறைக்கு, அதுவும் குளியலறை ஒட்டியில்லாத அறையாக இருந்தால், லேமினேட். கார்பெட் வேண்டாம். தேக்கு வாங்கப் பணம் இருந்தால் நிலைக்கதவுக்கும் ஊஞ்சலுக்கும் போகட்டும்.

விலையையும் அழகையும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் தரை எப்படிச் சுத்தமாகிறது என்று பாருங்கள். தினமும் பெருக்கி, பக்கெட் தண்ணீரில் ஃபினாயில் ஊற்றி, துணியைப் பாதி பிழிந்தும் பிழியாமலும் துடைக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக் கழுவியே விடுகிறோம். வேலைக்கு வரும் அக்காவிடம் "இந்த ரூமுக்கு மட்டும் நல்லா பிழிஞ்சு துடைங்க" என்று எத்தனை நாள் பின்னாலேயே நிற்க முடியும்? தரை விஷயத்தில் முதல் ஓட்டு அதைத் துடைப்பவருக்குத்தான். உங்கள் வீட்டில் இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் பார்த்தால் லேமினேட்டின் பலவீனம் உடனே தெரியும். அதன் உடம்பு, மர நாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப் பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள், அதற்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு கெட்டிப் பூச்சு. மேற்பரப்பில் தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம். ஆனால் இரண்டு பலகை சேரும் இடுக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் ஈரம், டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி ஓரங்களை உப்ப வைத்துவிடும். உப்பியது திரும்பப் படியாது. இழைத்துச் சரிசெய்யவும் வழியில்லை, ஏனென்றால் மேலே இருப்பது மரமே அல்ல. நான் விசாரித்த ஒரு கடையில் "வாட்டர்ப்ரூஃப் சார், கவலையே படாதீங்க" என்றார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால், இத்தனை மணி நேரம் வரை மேற்பரப்பு ஈரம் தாங்கும் என்றுதான் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல.

கீழ்த்தளத்தில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு: மண்ணிலிருந்து ஏறும் ஈரம், கரையான். அதனால்தான் மாடி அறை என்றேன். அங்கேயும் பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அடியில் ஃபோம் விரிப்பு வரட்டும், சுவர் ஓரங்களில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதை ஸ்கர்ட்டிங்கால், அதாவது சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டையால், மறைக்கட்டும். பலகை விரிய அந்த இடம் வேண்டும். சுவரோடு நெருக்கிப் போட்டால் நடுவில் மேடு தட்டும். அட்டையில் ஏசி 3, ஏசி 4 என்று எழுதியிருப்பதற்கும் குளிர்சாதனத்துக்கும் சம்பந்தமில்லை. தேய்மானம் தாங்கும் அளவு அது. வீட்டுக்கு ஏசி 3 போதும், பிள்ளைகள் நாற்காலி இழுத்து விளையாடும் அறைக்கு ஏசி 4 வாங்கலாம்.

அசல் மரத் தரை அருமையான பொருள், அதில் சந்தேகமே இல்லை. 18, 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையைப் பழையதாகும்போதெல்லாம் இழைத்து மெருகேற்றலாம், தலைமுறை தாண்டும். என் தங்கை டொராண்டோவில் இருக்கிறாள். அவள் வீட்டு ஹாலில் மரத் தரை, படுக்கையறைகளில் கார்பெட். அங்கே அது ஒத்துப்போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வீடே மரச் சட்டத்தில் எழுந்தது, தரைக்கு அடியில் இருப்பதும் ஒட்டுப்பலகை, அதனால் ஆணி அடித்துப் பலகை பதிப்பது எளிது. குளிர்காலத்தில் வெறுங்காலை வைக்க முடியாத சில்லிப்பு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார்கள், வாக்குவம் போடுவார்கள், தரையில் பக்கெட் தண்ணீர் படுவதே கிடையாது. அப்படியிருந்தும் ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று வறண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, கோடையில் தானாக மூடிக்கொள்கிறது என்கிறாள். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும், எந்த ஊரானாலும் அது மாறாது. நம் ஊரில் இரவெல்லாம் ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு, ஐப்பசியில் அடைமழை. பலகைக்கு ஓய்வே இருக்காது.

எஞ்சினியர்டு மரம் என்று ஒன்று இருக்கிறது. அடியில் ஒட்டுப்பலகை அடுக்கு, மேலே மெல்லிய அசல் மரம். இது குறைவாகத்தான் அசையும். ஆனாலும் நம் துடைப்புக்கு அதுவும் தாங்காது.

கார்பெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் காற்றின் ஈரத்தில் தூசிப் பூச்சிகள் பெருகும், மழைக்காலத்தில் வாடை வரும், கழுவிக் காய வைக்க முடியாது. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் பேச்சே வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஏதாவது வேண்டுமென்றால், துவைத்துக் காயப்போடக்கூடிய பவானி ஜமுக்காளம் ஒன்று போதும்.

சரி, டைல்ஸுக்கு வருவோம். கடையில் காட்டும் டிசைன்களில் மயங்குவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். விட்ரிஃபைடு என்றால் தண்ணீரை உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் கீழே. சுவருக்கு ஒட்டும் சாதாரண செராமிக் டைல் 10 சதவீதத்துக்கும் மேலே உறிஞ்சும், அதைத் தரைக்குப் போடக் கூடாது. விட்ரிஃபைடிலும் டபுள் சார்ஜ் வகையில் நிறம் மேலே மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கும், நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு நல்லது. ஜிவிடி (கிளேஸ்டு விட்ரிஃபைடு) வகையில் டிசைன் மேற்பூச்சில் மட்டும்தான், ஆனால் மரம், கல் என்று எந்தத் தோற்றமும் அதில் கிடைக்கும்.

உங்கள் மனைவியின் ஆசைக்கு வழி இங்கேதான் இருக்கிறது. 200க்கு 1200 மில்லிமீட்டர் அளவில் பலகை வடிவத்திலேயே மர டிசைன் டைல் வருகிறது. மேட் ஃபினிஷ் எடுத்து, டைல் இடுக்குகளை நிரப்பும் கிரவுட்டை அதே நிறத்தில் போட்டால் கொஞ்ச தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. தொட்டால் சில்லென்று இருக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் சித்திரை வெயிலில் அந்தச் சில்லிப்பைத்தானே தேடுகிறோம்? இதில் ஒரு எச்சரிக்கை: நீள டைல்கள் நடுவில் லேசாக வளைந்திருக்கும். செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி மாற்றிப் போட்டால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து விரல் இடறும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி கல்லைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தும் திருச்சியிலிருந்து காரைக்குடி பக்கம்தான் என்பதால் சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமெண்ட்டும் மணலும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறும் தரை அது. பூஜையறைக்கோ முன் திண்ணைக்கோ போடலாம். சமையலறைக்கு வேண்டாம். எலுமிச்சை, புளி போன்ற புளிப்புகள் சிமெண்ட்டில் கறையை விட்டுவிடும். பாத்ரூம் ஆசிட் பக்கமே வரக் கூடாது.

அம்மா விஷயத்துக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மூட்டு வலிக்காரர்களுக்குத் தரை கெட்டியாக இருப்பதைவிட வழுக்குவதுதான் ஆபத்து. கண்ணாடி போல் மின்னும் பாலிஷ் டைல் ஷோரூமில் அழகு, ஈரக்காலோடு நடந்தால் எமன். வழுக்கலுக்கு ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று தரம் உண்டு. எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். குளியலறைக்கு ஆர் 10க்குக் குறையாமல் பாருங்கள். கடைக்காரர் விழித்தால், மாதிரி டைலைத் தரையில் வைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டுப் பார்க்கலாம். சிரித்தால் சிரிக்கட்டும். சின்ன அளவு டைல், ஒரு அடிக்கு ஒரு அடி, குளியலறைக்குச் சரி. இணைப்புகள் அதிகம் என்பதால் கால் பிடிக்கும், தண்ணீர் ஓட வாட்டமும் ஒழுங்காகக் கொடுக்க முடியும். அம்மா அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வாசற்படியை முடிந்தவரை தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள்.

மர டிசைன் டைலையும் உங்கள் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, மாடி அறையிலும் ஈரத்துணி பயம் இருக்கிறது என்றால், எஸ்பிசி பலகையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் சேர்த்துச் செய்தது, தண்ணீரில் உப்பாது. நேரடி வெயில் விழும் பால்கனிக் கதவு ஓரத்தில் மட்டும் தவிர்க்கலாம், சூட்டில் விரியும்.

கடைசியாகக் கூலி. நல்ல டைலையும் கெடுப்பது போடும் விதம்தான். விட்ரிஃபைடு தண்ணீர் உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் பிடிப்பு குறைவு. டைல் ஒட்டுவதற்கென்றே வரும் பசையான டைல் கம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு டைலுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். "ஒட்டிப் போட்டா அழகா இருக்கும் சார்" என்பார்கள், சில வருடங்களில் ஏதாவது ஒரு கோடையில் டைல்கள் தூக்கிக்கொண்டு எழும்பும். பெட்டிகளின் மேல் உள்ள பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்து, தேவைக்கு மேல் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள், அதே டிசைன் பிறகு கிடைக்காது. வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். உள்ளே காற்று இருப்பது போல் சத்தம் வந்தால் சாக்பீஸால் குறி போட்டு, அந்த டைல்களை மாற்றிய பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.