தினமும் ஒரு புகைப்படமோ ஓவியமோ தேர்ந்தெடுத்து, விளக்கத்தோடு நண்பர்களுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். விளக்கம் அவசியமா? படமே பேசாதா?

அவசியம். "படமே பேசும்" என்று உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் வாழ்நாளில் ஒரு படத்துக்கும் குறிப்பு எழுதியிருக்க மாட்டார் என்று துணிந்து சொல்வேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஏற்கெனவே அனுப்ப ஆரம்பித்துவிட்டீர்கள், யாரோ ஒருவர் "ரொம்ப நீளமா இருக்கு, படத்தை மட்டும் போடு" என்று சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன் நான். ஒரு பத்திரிகையில் தினசரிப் படப் பக்கத்துக்குப் பல வருடங்கள் குறிப்பு எழுதினேன். ஏஜென்சிகளிலிருந்து வந்து குவியும் படங்களில் நாலைந்தைப் பொறுக்க வேண்டும், கூடவே ஒரு ஓவியம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிறிய பத்தி. அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'கேப்ஷன் வேலை'. புதிதாகச் சேர்ந்தவர்களிடமும், வேறு எதற்கும் லாயக்கில்லை என்று முடிவு கட்டப்பட்டவர்களிடமும் தள்ளிவிடுகிற வேலை. முதல் கணக்கில் உள்ளே போன நான் சீக்கிரமே இரண்டாவது கணக்கில் சேர்ந்துவிட்டேன். விரும்பித்தான் சேர்ந்தேன், அதை யாரும் நம்பவில்லை.

ஒரு நாள் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' ஓவியத்தை எடுத்தேன். உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். டீ-ஷர்ட்டிலும் செல்போன் கவரிலும் வருகிற அந்த நீல அலை. 1831 வாக்கில் வந்த மரச்செதுக்கு அச்சுப்படம். ஃபூஜி மலையை வெவ்வேறு இடங்களிலிருந்து காட்டும் வரிசையில் ஒன்று. அதை வரைந்தபோது ஹொகுசாய்க்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே எழுதினேன். எல்லோருக்கும் அலை தெரியும். அலைக்கு அடியில் மூன்று நீளமான படகுகள் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. படகுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு வரிசையாக, முதுகை வளைத்து, முகத்தைத் துடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். பிடித்த மீனை வாடாமல் சந்தைக்குக் கொண்டுபோகிற வேகப் படகுகள் அவை. அலையின் குழிவுக்குள், தூரத்தில், இன்னொரு சின்ன அலை என்று நினைத்து நாம் தாண்டிப்போகும் வெள்ளை முனைக் கூம்புதான் ஃபூஜி. வரிசையின் கதாநாயகனே அந்த மலைதான், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இவ்வளவையும் எழுதினேன். அந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம், அப்போதுதான் ஜப்பானில் தாராளமாகப் புழங்க ஆரம்பித்திருந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

பக்கத்துக்குப் பொறுப்பானவர் வந்து பார்த்தார். "தம்பி, படம் பேசுது. நீ நடுவுல பேசாத" என்றார். என் பத்தியை எடுத்துவிட்டு அவரே இரண்டு சொல் போட்டார்: 'சீறும் சுனாமி!' ஆச்சரியக்குறியும் அவருடையதே.

சார், இது சுனாமி இல்லை, சுனாமி நடுக்கடலில் இப்படி நெட்டுக்குத்தாக எழும்பி நுரைக்காது, கரையை நெருங்கும்போதுதான் உயரும், இது காற்று கிளப்பிய அலை என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு அளந்து பாக்கப் போறா?" என்றார். அப்படியே அச்சாகியது. சில நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ஒரே கேள்விதான்: அந்தப் படகில் இருப்பவர்கள் பிழைத்தார்களா? படகை அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமலே தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. நான் வெட்டுப்பட்ட பத்தியை அப்படியே ஒரு தாளில் எழுதி, "ஓவியர் சொல்லவில்லை, ஆனால் துடுப்பை யாரும் விடவில்லை, கவனி" என்று சேர்த்து அனுப்பினேன். என் கேப்ஷன் வாழ்க்கையில் முழுதாக வெளியான ஒரே பதிப்பு அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெரிய மிகையில்லை.

சரி, இதைப் படித்துவிட்டு "கலை என்பது உணர்வு ஐயா, தகவல் இல்லை" என்று ஒருவர் கருத்துப் பெட்டிக்கு வருவார். வரட்டும். உணர்வை நான் தடுக்கவில்லை. எனக்கு உண்மையாகவே எரிச்சல் தருவது, உணர்வையே குறிப்பில் எழுதுகிறவர்கள்தான். 'மனதை உருக்கும் காட்சி', 'நெஞ்சை உலுக்கும் பார்வை'. உருகுவதா வேண்டாமா என்பதைப் பார்க்கிறவரிடம் விட்டுவிடுங்கள். கண்ணுக்கு எட்டாததை மட்டும் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது, எப்படி எடுத்தார்கள்.

யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு படம் போதும். 1936இல் டொரோத்தியா லாங்கே அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் ஒன்றில் ஒரு தாயைப் படமெடுத்தார். கன்னத்தில் கை, நெற்றியில் சுருக்கம், இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் முழுக்கப் போனது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று பிற்பாடு எழுதினார். அந்தக் குடும்பம் அதை மறுத்தது. அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் வெளியே தெரிய 1978 ஆனது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு உயிருள்ள மனுஷி வெறும் 'தாய்' என்றே தொங்கிக்கொண்டிருந்தார். படம் அவ்வளவு நன்றாகப் பேசியதே, அவர் பெயரைச் சொன்னதா?

ஆப்கன் சிறுமி கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1985இல் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்த பச்சைக் கண்கள்; ஷர்பத் குலா என்ற பெயர் 2002இல்தான் கிடைத்தது.

தப்பான விளக்கமும் படத்தைக் கெடுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வான்கோவின் 'காகங்கள் பறக்கும் கோதுமை வயல்' படத்தைப் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கீழே 'சாவதற்கு முன் வரைந்த கடைசி ஓவியம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்ததும் காகமெல்லாம் எமதூதனாகிவிடுகிறது, வயல் நடுவே போகும் பாதை சுடுகாட்டுக்குப் போவதுபோல் தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகமே அது கடைசி ஓவியம் இல்லை என்கிறது. கடைசியாக அவர் தூரிகை வைத்தது 'மர வேர்கள்' என்ற படத்தில் என்பதுதான் இப்போது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்த வேர்கள் இருந்த இடத்தை ஒரு பழைய தபால் அட்டையை வைத்து 2020இல் அடையாளம் கண்டார்கள். என்னைக் கேட்டால், கோதுமை வயலைவிட இந்தக் கதை பல மடங்கு சுவாரசியம். ஆனால் காகம் இல்லையே, யார் ஃபார்வர்ட் செய்வார்?

தினமும் எழுதத் தாங்குமா என்றும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். நாசாவின் 'இன்றைய வானியல் படம்' தளத்தைப் பாருங்கள். 1995 ஜூன் 16இல் இரண்டு வானியலாளர்கள் தொடங்கியது, இன்றுவரை தினம் ஒரு படம், கீழே ஒரு பத்தி விளக்கம். அங்கே விளக்கத்தைத் தூக்கிவிட்டால் பாதிப் படங்கள் வெறும் வண்ணப் புகை. விண்வெளியில் தூண்போல் நிற்கும் வாயு, தூசி மேகங்களை ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சையாகத் தெரிவது ஹைட்ரஜன், சிவப்பு கந்தகம், நீலம் ஆக்சிஜன். பிரித்துக் காட்டுவதற்காக விஞ்ஞானிகள் ஒதுக்கிய நிறங்கள் அவை. நாம் பக்கத்தில் போய் நின்றால் அப்படித் தெரியாது. இதைச் சொல்லாமல் போட்டால் பார்க்கிறவர் ஏமாந்துதான் போகிறார். இப்போது செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வேறு வந்துவிட்டன. 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதில் பரிசு பெற்ற ஒரு ஜெர்மானியக் கலைஞர், இது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அவராகச் சொன்னது ஒரு பக்கம். உங்கள் நண்பர்களுக்கு வரும் படம் எதுவும் தானாக வாய் திறந்து சொல்லாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அருங்காட்சியகங்களில் விளக்க அட்டையை ஏன் முழங்கால் உயரத்தில் ஒட்டுகிறார்கள்? வெள்ளைச் சுவரில் வெளிர் சாம்பல் எழுத்து, அதுவும் எறும்பு அளவில், மேலே விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் பிளாஸ்டிக். இடுப்பு வலியோடு குனிந்து பாதி வரி படிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் "கொஞ்சம் நகருங்க, செல்ஃபி" என்பார். ஓவியரின் பெயரைப் படிக்க முடியாமல் நான் திரும்பிய கூடங்கள் உண்டு. வடிவமைப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வேலை அருமை, எழுத்தை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்குங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பு நீளமாகிறது என்றால் பெயரடைகளை வெட்டுங்கள், தகவலை வெட்டாதீர்கள். முதல் வரியிலேயே கண் தவறவிடும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 'அலைக்குக் கீழே மூன்று படகுகள்' என்று ஆரம்பித்தால் ஆள் மறுபடி மேலே போய்ப் பார்ப்பார், பிறகு மீதியையும் படிப்பார். சந்தேகமான தகவலா, விட்டுவிடுங்கள், நாளைக்கு வேறு படம் இருக்கிறது. கையிருப்பாகப் பத்துப் படங்களாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சல் வரும் நாள் வரும்.

எடுத்தவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் கட்டாயம் போடுங்கள். நீங்கள் போட்டாலும், அடுத்த குழுவுக்குப் போகும்போது யாரோ படத்தை மட்டும் எடுத்து, பெயரை விட்டுவிட்டு, 'இனிய காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ வைத்து அனுப்புவார். அதனால் படத்தின் ஓரத்திலேயே சின்ன எழுத்தில் பெயரைப் பதித்துவிடுங்கள். அதையும் கிராப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மைத்துனரே செய்கிறார். அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இப்போது நேரடியாக அவருக்குப் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டேன்.