ஜூலை 4இல் யார் யார்?

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதிகளாக இருந்த ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளிலேயே இறந்தார்களாமே! இது தெய்வச் செயல்தானே? – வாசகர், கும்பகோணம்

பதில்: இறந்தது உண்மை. 1831இல் அதே ஜூலை 4 அன்று இன்னொரு முன்னாள் ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோவும் போனார். ஆடம்ஸின் மகன் ஜான் குவின்ஸி ஆடம்ஸ்தான் 1826இல் ஜனாதிபதி. அவரும் இதைக் கடவுளின் அருள் என்றே நம்பினார்.

சரி, தெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அடுத்த ஆறு மாதத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதுவீர்களா?

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அந்தப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன், பெருங்கடனை வைத்துவிட்டுப் போனார். அதை அடைக்க 1827 ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் ஏலம். ஆடுமாடு, தட்டுமுட்டுச் சாமான்களோடு அடிமைகள் 130 பேர் என்று விளம்பரம் செய்தார்கள். ஜோ ஃபாசெட் அங்கே கொல்லர். தான் இறந்து ஒரு வருடம் கழித்து அவருக்கு விடுதலை என்று ஜெஃபர்சன் உயில் எழுதியிருந்தார். அதாவது 1827 ஜூலை 4. அந்த நாள் வருவதற்குள் ஜோவின் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலத்தில் போய்விட்டார்கள். ஜனாதிபதி மாளிகையில் ஜெஃபர்சனுக்குச் சமைத்துப் போட்டவர் இந்த ஈடித். மகன் பீட்டருக்கு வயது 11. மனைவியையும் சில பிள்ளைகளையும் விலைக்கு வாங்கித்தான் ஜோவால் மீட்க முடிந்தது. பீட்டர் 1850 வரை அடிமை.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிந்ததும் அதே 1827 ஜூலை 4 அன்றுதான். இது தற்செயல் இல்லை, சட்டம் போட்டவர்கள் பார்த்துக் குறித்த தேதி. ஆனால் அங்கிருந்த கறுப்பின மக்களில் பலர் மறுநாள்தான் ஊர்வலம் போனார்கள். 4ஆம் தேதி தெருவில் இறங்கினால் வெள்ளையர் கூட்டம் அடிக்க வரும் என்ற பயம் ஒரு காரணம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸ், 1852இல் அதே மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் பேசியதும் ஜூலை 5 அன்றுதான். இந்த ஜூலை 4 உங்களுடையது, என்னுடையது அல்ல என்று கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்புறம், சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதிகள் லிங்கனுக்கும் கென்னடிக்கும் உள்ள ஒற்றுமைகள் என்று சுற்றுகிற பட்டியலை, அதாவது லிங்கனுக்குக் கென்னடி என்றொரு செயலாளர் இருந்தார் என்கிற பட்டியலை, தயவுசெய்து யாரும் இனி அனுப்ப வேண்டாம். லிங்கனுடைய செயலாளர்கள் நிக்கோலேயும் ஹேயும். இதைப் பல முறை எழுதியாகிவிட்டது. ஜூலை 5 பற்றிக் கேளுங்கள், இரண்டு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.