இசைக்கருவி எதுவும் இல்லாத முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு இசையை எப்படிக் கொடுப்பது?

முன்பள்ளி ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், சங்கீதம் படித்ததில்லை, கருவியும் இல்லை, போனில் பாட்டுப் போட்டுப் பிள்ளைகளை ஆடவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 11 வருடமாக முன்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். இப்போது 3 வயது முதல் 5 வயது வரை 19 பிள்ளைகள். எங்களிடமும் கருவி கிடையாது.

போதாது என்பதே என் பதில். போனில் ஓடும் பாட்டு பிள்ளைக்காக நிற்காது. மூன்று வயதுப் பிள்ளை யோசித்துக் கையைத் தூக்குவதற்குள் அது அடுத்த அடிக்குப் போய்விடும். நீங்கள் பாடினால் நிற்கலாம், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம், அது தயாரானதும் தொடரலாம். உங்கள் குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைக்குத் தேவை தனக்காகக் காத்திருக்கும் ஒரு குரல்.

என் முதல் வருடத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகும். சிறுவயதிலிருந்தே கோயிலில் மார்கழி பஜனை பாடி வளர்ந்தவள் நான். அதே சுருதியில், எனக்கு வசதியான தாழ்ந்த குரலில் வகுப்பிலும் பாடினேன். பிள்ளைகள் பாடவில்லை. சிலர் வார்த்தைகளைப் பேசினார்கள், சிலர் கத்தினார்கள். இவர்களுக்கு இன்னும் சுருதி பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் பாடிய இடத்துக்கு அவர்கள் குரல் இறங்கவே முடியாது. இந்த வயதில் குரல் புழங்கும் இடம் சிறியது, நம்முடையதைவிட மேலே இருப்பது. ஹார்மோனியம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நடுப் பகுதியில் 1 கட்டையை (மேற்கத்திய இசையில் C) சட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலே ரிஷபம் (ரி) முதல் தைவதம் (த) வரை பெரும்பாலான பிள்ளைகள் சிரமமில்லாமல் பாடுவார்கள். ஹார்மோனியம் இல்லையென்றால், நீங்கள் பேசும் குரலைவிட நன்றாக மேலே தொடங்குங்கள். உங்களுக்குக் கொஞ்சம் உயரமாகத் தோன்றினால் அநேகமாக அது சரியான இடம்தான்.

இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு சிறுமியின் கூப்பாடு. காலை 7.30க்கு அம்மாமார் கொழுந்து மலைக்குப் போகிற நேரம். மேல் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் நின்று அவள் கீழ் லயத்தில் இருக்கும் தோழியைக் கூப்பிட்டாள், "சு-தா!" என்று. மேலே ஒரு ஸ்வரம், கீழே ஒரு ஸ்வரம். கீழேயிருந்து பதில் வந்தது, அதே இரண்டு ஸ்வரத்தில். நான் மனத்துக்குள் பாடிப் பார்த்தேன். பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்கும் இடைவெளி அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது தானாக வருவது.

அன்றிலிருந்து வரவு எடுப்பதைப் பாட்டாக மாற்றினேன். நான் "ப–க" என்ற அந்த இரண்டு ஸ்வரத்தில் பிள்ளையின் பெயரைப் பாடுவேன். பிள்ளை அதே ஸ்வரத்தில் "வந்-தேன்" என்று பாடும். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இந்த ஒன்றை நாளையே தொடங்குங்கள். கூட்டமாகப் பாடும்போது எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாது. பெயரைப் பாடும்போது ஒவ்வொரு பிள்ளையின் குரலும் தனியாக உங்கள் காதுக்கு வரும். சளி பிடித்திருப்பது, வீட்டில் அழுதுவிட்டு வந்திருப்பது, காலையில் சாப்பிடாதது எல்லாம்கூட அந்த ஒரு "வந்தேன்"-இல் தெரிந்துவிடும்.

ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் (1882–1967) பெயரில் வழங்கும் கற்பித்தல் முறையும் இதே இரண்டு ஸ்வரத்தில்தான் தொடங்குகிறது என்று பிறகு படித்தேன். பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதன் சொந்த மொழியின் நாட்டார் பாடல் என்றும், கருவிக்கு முன் குரல் என்றும் அவர் வலியுறுத்தினார். எங்கேயோ ஐரோப்பாவில் இருந்தவர் எங்கள் லயத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது எனக்கு. கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையைச் சீக்கிரம் தொடங்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தில் சட்ஜத்தை ஒட்டி வரும் அந்த ரிஷபத்தை இந்த வயதில் பிடிப்பது கஷ்டம். அது பின்னால் வரட்டும்.

சொந்த மொழியின் பாட்டு என்றால் எங்களுக்கு அது வெகு தூரத்தில் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆனால் அச்சில் ஏறாதவையும் வீடுகளில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் யாராவது ஓர் அம்மாயியை வகுப்புக்கு அழைக்கிறேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு "எனக்கென்ன தெரியும் டீச்சர்" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்ததும் தாலாட்டு வந்துவிடும்.

இங்கே தப்பு என்ற தோல் மேளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒரு தாளம் போட்டேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தி, "டீச்சர், அது சாவு வீட்டு அடி. பாட்டுக்கு அதை அடிக்கக் கூடாது" என்றாள். அவளுடைய தாத்தா தப்படிப்பவர். எது சாமி அடி, எது சாவு அடி, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு எது என்று நான்கு வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆசிரியராகிய எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாத்தாவை அழைத்தேன். பனி இறங்கிய காலை. தப்பை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார், 'தொப்' என்றது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடுமாம். முற்றத்தில் பழைய தாள்களையும் காய்ந்த தேயிலைக் குச்சிகளையும் கொளுத்தி, தப்பின் முகத்தைத் தீக்கு மேலே காட்டிச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். இடையிடையே விரலால் சுண்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுண்டலுக்கும் ஓசை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியது. 19 பிள்ளைகளும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுருதி சேர்ப்பது என்றால் என்ன என்பதை நான் எத்தனை நாள் பேசினாலும் அப்படி விளக்கியிருக்க முடியாது. பிறகு குட்டைக் குச்சியை வலது கையிலும் மெல்லிய நீளக் குச்சியை இடது கையிலும் பிடித்துக் கூத்து அடியை மெதுவாக அடித்தார். பிள்ளைகளின் கால் தானாக விழுந்தது. மாசி மாதம் ரதி மன்மதன் ஆட்டம் பார்த்தவர்கள்தானே.

மறுநாள் ஒரு தகப்பனார் வந்து, "பள்ளிக்கூடத்தில் எதற்குத் தப்பு, பிள்ளை ஆங்கிலப் பாட்டுப் படிக்கட்டும்" என்றார். அவர் கோபத்துக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். தப்படிப்பவரைத் தாழ்த்தி வைத்த பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவது) எழுப்பியதும் தப்பொலிதான். அந்த நினைவும் கசப்பானது. ஆங்கிலப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன், அதைச் செய்தும் வருகிறேன். ஆனால் தப்பை வெளியே வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் கைத்தொழிலுக்கு வகுப்பில் இடமில்லை என்று அந்தச் சிறுமிக்கு நான் எப்படிச் சொல்வேன்? இன்றும் மாதம் ஒரு முறை அவர் வருகிறார். அந்தத் தகப்பனார் இன்னும் சமாதானமாகவில்லை. பிள்ளையை நிறுத்தவும் இல்லை.

கடைசியாக மழை. எங்களுக்கு மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் படம் வரையக் கொடுத்துவிடுவேன். இப்போது வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பாடுகிறோம், கை மட்டும் அசையும். போன வாரம் கொழுந்து பறிக்கிற பாட்டை அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தோம். மூன்றாவது அடியில் கூடையில் போடுவதுபோல் எல்லாக் கைகளும் தோளுக்குப் பின்னால் போனபோது மழை சட்டென்று நின்றது. நான் வாயைத் திறந்து நாலாவது அடியைப் பாடினேன். 17 பேர் அதே அடியில், அதே சுருதியில் என்னோடு வந்தார்கள். இரண்டு பேர் இன்னும் கூடை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.