சொசைட்டி வீட்டை வாடகைக்கு விடக் கமிட்டி அனுமதி வேண்டுமா? என் பில்லில் ஏறிய 2,400 ரூபாய்

கேள்வி: மும்பையில் கோ-ஆபரேட்டிவ் ஹவுசிங் சொசைட்டியில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட் இருக்கிறது. வேலை மாற்றலாகி வெளியூர் போகிறோம். வாடகைக்கு விடக் கமிட்டி அனுமதி வேண்டும், மாதாமாதம் கூடுதல் பணம் கட்ட வேண்டும், பேச்சலர் கூடாது என்கிறார்கள். இதெல்லாம் சரியா?

பதில்:

அனுமதி வேண்டாம், தகவல் சொன்னால் போதும். கூடுதல் பணம் கேட்கலாம், ஆனால் அதற்கு வரம்பு இருக்கிறது. பேச்சலர் கூடாது என்று மாதிரி பைலாவில், அதாவது சொசைட்டிகளுக்காக அரசு வகுத்துத் தந்திருக்கும் விதிகளில், ஒரு வரி கூடக் கிடையாது. அவசரமாக இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். நான் இந்த விஷயத்தில் பதினான்கு மாதம் அலைந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் கமிட்டிகளுக்கு எதிரி இல்லை. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் நான்கு வருடம் பொருளாளராக இருந்திருக்கிறேன். தண்ணீர் லாரிக்காரனுக்கும் லிஃப்ட் கம்பெனிக்கும் பதில் சொல்லிக்கொண்டு, சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2014-ல் ஓய்வு பெற்றதும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் கல்லிடைக்குறிச்சிக்கு வந்துவிட்டோம். செம்பூர் வீடு பூட்டிக் கிடந்தது. 2016-ல் அக்கா மகனுக்கு பவாயில் வேலை கிடைத்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டை வைத்துக்கொண்டு அக்கா மகனை வாடகைக்கு வீடு தேட விடுவேனா? சாவியைக் கொடுத்தேன். வாடகை ஒரு பைசா வாங்கவில்லை. சொசைட்டிக்கு ஒரு கடிதமும் போலீஸுக்குத் தகவலும் கொடுத்தாயிற்று.

மூன்றாவது மாதம் பையன் போன் செய்தான். "மாமா, மெயின்டனன்ஸ் பில்லுல 2,400 ரூபாய் கூட வந்திருக்கு. நான்-ஆக்குபன்சி சார்ஜ்னு போட்டிருக்கு."

உறுப்பினர் தன் வீட்டில் தான் குடியிருக்காமல் வேறு ஆளை வைத்தால் சொசைட்டி வசூலிக்கும் கட்டணம்தான் அது. இதில் சொசைட்டிகள் இஷ்டத்துக்கு வசூலித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க மகாராஷ்டிர அரசு 1960-ம் வருடத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் 2001 ஆகஸ்ட் 1-ல் ஓர் உத்தரவு போட்டது. சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மான்ட் பிளாங்க் என்ற சொசைட்டி இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2007-ல் பாம்பே ஹைகோர்ட் உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

கவனியுங்கள், 10 சதவீதம் என்பது மொத்த மெயின்டனன்ஸில் இல்லை. சர்வீஸ் சார்ஜ் என்ற தலைப்பில் மட்டும். வாட்ச்மேன் சம்பளம், பொது விளக்குகளுக்கான கரண்ட், ஆடிட் ஃபீஸ், ஆபீஸ் செலவு மாதிரியானவை அதில் வரும். வீட்டு வரி, தண்ணீர், சிங்கிங் ஃபண்ட் (பின்னாளில் வரும் பெரிய செலவுக்கான சேமிப்பு), ரிப்பேர் ஃபண்ட் எல்லாம் அதற்கு வெளியே. என் பில் மாதம் 4,850 ரூபாய். அதில் சர்வீஸ் சார்ஜ் 1,900. அப்படியானால் அவர்கள் அதிகபட்சம் கேட்கக்கூடியது 190 ரூபாய். கேட்டது 2,400.

மும்பைக்கு ரயில் ஏறினேன். செக்ரட்டரி என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர்தான். மேஜை இழுப்பறையில் சொசைட்டியின் ரப்பர் ஸ்டாம்ப், ஊதா மை பேட், பக்கத்தில் வரும் கடிதங்களைப் பதிகிற இன்வர்ட் ரிஜிஸ்டர். நான் நீட்டிய கடிதத்தைப் படித்தார், மடித்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஜெனரல் பாடியில் தீர்மானம் போட்டுத்தான் வசூலிக்கிறோம் அங்கிள், நான் மட்டும் என்ன செய்ய முடியும்?" என்றார். ஸ்டாம்ப் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் நகலில் ஒரு குத்து குத்திக் கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றேன். இழுப்பறையை மூடிவிட்டார்.

அந்த மூடிய இழுப்பறைதான் எனக்கு வலித்தது, 2,400 ரூபாய் இல்லை. 1991-ல் அந்தக் கட்டடத்தில் முதலில் குடிவந்த ஆறு குடும்பங்களில் நாங்களும் ஒன்று.

ஜெனரல் பாடி, அதாவது உறுப்பினர்களின் பொதுக்கூட்டம், தீர்மானம் போட்டாலும் சரி, மொத்த உறுப்பினர்களும் கை தூக்கினாலும் சரி, அரசு உத்தரவை மீறி வசூலிக்க முடியாது. கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வைத்து அனுப்பினேன். கூடவே 2,400-ஐயும் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டே வந்தேன், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதி. ஏன் கட்டினாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கட்டாமல் விட்டால் நீங்கள் டிஃபால்டர். பாக்கிக்கு 21 சதவீதம் வரை வட்டி போட பைலா இடம் கொடுக்கிறது, கமிட்டித் தேர்தலில் நிற்கவும் முடியாது. சண்டை போடுகிறவன் கணக்கில் பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம்தான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. பைலாவில் குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. கணவன், மனைவி, அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், மகளின் கணவர், மருமகள், மைத்துனர், நாத்தனார், கொழுந்தியாள், பேரன், பேத்தி. இவர்கள் குடியிருந்தால் நான்-ஆக்குபன்சி சார்ஜ் கிடையவே கிடையாது. அக்கா பட்டியலில் இருக்கிறாள். அக்கா மகன் இல்லை.

எங்கள் பக்கத்தில் அக்கா மகனை மருமகன் என்றுதான் சொல்வோம். மகளைக் கட்டியவரும் மருமகன்தான். எனக்கு இரண்டும் பையன்கள், கட்டிக்கொடுக்க மகள் இல்லை. ஆனால் பையனின் காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்திக்கொண்டவன் நான். தாய்மாமன் என்றால் என்ன என்று இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் அது இரண்டு சொல்லாகப் பிரிகிறது. சன்-இன்-லா பட்டியலில் உண்டு, நெஃப்யூ இல்லை. பக்கத்து கட்டடத்து நண்பர் ஒருவர், "சும்மா சன்-இன்-லா என்று எழுதிவிடு, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். எழுதியிருக்கலாம். அவர்கள் விதியை மீறுகிறார்கள் என்று புகார் எழுதுகிற கையால் அதை எழுத மனம் வரவில்லை. நெஃப்யூ என்றே எழுதினேன். மாதம் 190 ரூபாய் நான் தரவேண்டியதுதான், மீதி 2,210 என்னுடையது என்று கேட்டேன்.

பட்டியலில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மும்பைக்கு வேலை தேடி வந்த தமிழர்களில் பாதிப் பேர் யாரோ ஒரு மாமா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பாய் விரித்துப் படுத்துத்தான் முதல் வருடத்தை ஓட்டினார்கள். நானும் அப்படித்தான், மாட்டுங்காவில் ஒற்றை அறையில்.

சரி, கதையை முடிக்கிறேன். கடிதத்துக்குப் பதில் வராததால் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான, எங்கள் வார்டின் டெபுடி ரிஜிஸ்ட்ராருக்குப் புகார் கொடுத்தேன். பில் நகல்கள், 2001 உத்தரவின் நகல், தபால் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து. அங்கிருந்து சொசைட்டிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அடுத்த கமிட்டி மீட்டிங்கிலேயே கட்டணம் 190 ஆனது. பதினான்கு மாதம் கட்டிய 33,600 ரூபாயில் 2,660 போக, 30,940 ரூபாய் என் கணக்கில் வரவு வைத்தார்கள். வட்டி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி உங்கள் விஷயம். நீங்கள் சொந்தக்காரரை வைக்கவில்லை, வாடகைக்கு விடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2014 மாதிரி பைலாவின் 43-ம் எண்படி, எட்டு நாள் முன்னால் சொசைட்டிக்குத் தகவல் கொடுத்து, வீட்டை வாடகைக்கு விடப் போடும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தின் நகலையும் போலீஸுக்குத் தெரிவித்ததற்கான நகலையும் தர வேண்டும். அவ்வளவுதான். பழைய பைலாவில் அனுமதி கேட்கிற வழக்கம் இருந்தது, பல கமிட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. உங்கள் சொசைட்டி எந்த பைலாவை ஏற்றிருக்கிறது என்று முதலில் ஒரு நகல் வாங்கிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். 1999-ம் வருடத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55-ம் பிரிவில் பதிவு கட்டாயம், பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்புத் தொகை கேட்க 24-ம் பிரிவு வழி செய்கிறது. இப்போது வீட்டிலிருந்தே ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

பேச்சலர் விஷயத்தில், அகமதாபாத் பார்சி சொசைட்டி வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா என்று யாராவது கேட்கக்கூடும். தெரியும். பார்சிகளை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கும் பைலா செல்லும் என்றது. அது உறுப்பினர் சேர்க்கை பற்றியது, வாடகைதாரர் கல்யாணம் ஆனவரா என்பது பற்றியது இல்லை. மருமகன் டோம்பிவிலியில் சொந்த வீடு வாங்கிப் போனபிறகு என் வீட்டை இரண்டு நர்ஸ்களுக்குக் கொடுத்தேன். "ஃபேமிலிக்கு மட்டும்" என்றார்கள். பைலாவில் எந்த வரி என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, நர்ஸ்கள் வந்துவிட்டார்கள்.

சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே கமிட்டி 2019-ல் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. வீட்டு வேலைக்கு வருபவர்கள் முன்பக்க லிஃப்டில் ஏறக் கூடாதாம். பின்பக்க லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் ஓடாது. எங்கள் வீட்டில் இருபது வருடம் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்ததை நர்ஸ்களில் ஒரு பெண் போனில் சொன்னாள். வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு ஜெனரல் பாடியில் பேச உரிமை இல்லை, அதனால் நான் எழுதினேன். ரிஜிஸ்டர் தபால்தான். நோட்டீஸைக் கிழிக்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அந்த அம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

இது மகாராஷ்டிரக் கணக்கு. சென்னையில் பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் அசோசியேஷன்தான், அதற்குத் தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் வேறு. அங்கே இருப்பவர்கள் நான் சொன்ன எண்களைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம்.

உங்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்ற தலைப்பில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். தனியாகக் காட்டாமல் மொத்தமாக மெயின்டனன்ஸ் என்று போட்டிருந்தால், பிரித்துத் தரச் சொல்லி இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் ஸ்டாம்ப் குத்த மறுத்தால் தபாலில் அனுப்பிவிடுங்கள்.