வயதான பெற்றோரோடு முதல் கப்பல் சுற்றுலா: ஆறா, ஏரியா, கடலா?

கேள்வி இது: "அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. முதன்முதலாகக் கப்பல் சுற்றுலா கூட்டிப்போக ஆசை. ஆறு, ஏரி, கடல் என்று பல வகை இருக்கிறதே, எதில் தொடங்குவது? எதை முதலில் பார்ப்பது?"

நான் தேவகோட்டைக்காரி. என் ஆத்தாவை, அதாவது அம்மாவை, 76 வயதில் கப்பலேற்றிக் கூட்டிப்போய் வந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாவற்றையும் கடைசியாகப் பாருங்கள். கப்பல் எந்தக் கரையில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எப்படி இறக்கிவிடுகிறார்கள் என்பதுதான் முதல் விஷயம்.

எங்கள் வீட்டில் கப்பல் என்றால் ரஜூலா என்கிற அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல்தான். ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனது அதில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏறவேண்டும் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆத்தா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். பழநியும் மதுரையும்தான் அவர் போன தூரம். "அந்தத் தண்ணிமலையானை ஒருதரம் பாத்துட்டு வந்துரணும்" என்று ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் எத்தனையோ ஆண்களுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் இருப்பது அந்தப் பினாங்கு முருகனால்தான்.

ஆனால் எடுத்த எடுப்பில் கடலில் இறக்கவில்லை. முதலில் ஏரி. எர்ணாகுளம் – வேளாங்கண்ணி ரயில் காரைக்குடி வழியாகத்தான் போகிறது. கோட்டயத்தில் இறங்கினால் குமரகம் பக்கம். வேம்பநாட்டு ஏரியில் ஒரு ராத்திரி படகு வீடு எடுத்தோம். ராத்திரி முழுக்கப் படகு ஓடும் என்று நினைத்துப் போகாதீர்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கரையில் கட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு மீனவர்கள் வலை போடும் நேரம். ஆத்தாவுக்கு அதுதான் பிடித்தது. ஊருணிக் கரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு என்றார். தண்ணீர் மேல் தூக்கம் வருகிறதா, தலை சுற்றுகிறதா, படகின் படியில் கால் வைக்க முடிகிறதா என்பதெல்லாம் அந்த ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது. உங்கள் பெற்றோரையும் முதலில் இப்படி ஒரு ராத்திரி கூட்டிப்போய்ப் பாருங்கள்.

ஆற்றுக் கப்பல் உடம்புக்கு இன்னும் சுகம். அலை இல்லை, இரண்டு பக்கமும் கரை தெரியும். நைல் நதியில் லக்சர் – அஸ்வான் பயணம் மூன்று, நான்கு ராத்திரிதான். ஆனால் ஒரே துறையில் பல கப்பல்கள் பக்கம் பக்கமாக நிற்கும்போது மற்றக் கப்பல்களுக்குள் நடந்துதான் கரைக்குப் போகவேண்டும். 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து திப்ருகர் வரை கிளம்பிய கங்கா விலாஸ் பயணத்துக்கு 51 நாள். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

கடலுக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம். முந்தின நாளே போய்த் தங்கிவிட்டு, மறுநாள் பினாங்கு போய்வரும் மூன்று ராத்திரிக் கப்பல். இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்க இருந்தது. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்குள் வருகிறது, அதனால் பலமுறை நுழையும் விசா வேண்டும். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. கப்பலேறும் இரண்டு வாரத்துக்கு முன்னால் நானாகத் தாள்களை எடுத்துப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. யார் ஏற்பாடு செய்தாலும், எத்தனை முறை எந்த நாட்டுக்குள் நுழைகிறோம் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஜன்னல் இல்லாத அறை மலிவுதான், ஆனால் விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. வயதானவர்களுக்கு அது வேண்டாம். விளம்பரத்தில் போடுகிற தொகை பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான அன்றாடத் தொகையும் தனியாக வரும். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும்.

பினாங்கில் கப்பல் துறையிலேயே வந்து நிற்கும். தாய்லாந்தில் ஃபூக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் இறக்குவார்கள். நாகப்பட்டினத்தில் ஐயா ஏறிய மாதிரியேதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு வித்தியாசமே பயணத்தைத் தீர்மானித்துவிடும். பதிவு செய்யுமுன் ஒவ்வொரு துறைக்கும் இதைக் கேளுங்கள். ஃபூக்கெட்டில் உள்ளூர் நேரமும் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கப்பல் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நேரம் தவறினால் கப்பல் காத்திருக்காது.

கோயில் நடை திறக்கும் நேரத்தையும் கப்பல் நிற்கும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிவைத்துத்தான் எங்கள் பயண நாளையே தேர்ந்தெடுத்தேன். இறங்கியதும் காரில் நேராகத் தண்ணீர்மலை. ஆத்தா தண்டாயுதபாணி முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பிறகு பினாங்கு வீதி, அது துறைக்குக் கிட்டத்தில்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியின் வாசலில் நின்று, "ஒங்க ஐயா இங்கனதான் படுத்திருந்திருப்பாக" என்று திண்ணையைத் தொட்டுப் பார்த்தார். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னாடியே கிளம்பிவிட்டோம், அவசரப்படாமல் நடக்கவேண்டும் என்பதற்காக.

வங்கக் கடல் வழியாகப் போகிற பயணம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், புயல் காலம். ஜனவரிக்குப் பிறகு வையுங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு போக ஆசை இருந்தால் மட்டும் கப்பலை விட்டுவிடுங்கள். வெள்ளி ரதம் காலையில் கிளம்பித் தண்ணீர்மலை சேர ராத்திரி ஆகிவிடும், அதற்குள் உங்கள் கப்பல் போயிருக்கும். அதற்கு விமானத்தில் போய் மூன்று நாள் தங்குவதுதான் சரி.